விஜயலெட்சுமி எழுதிய இரண்டு தாள்கள்

விஜயலெட்சுமி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்த நேரம், நான் கொழும்பில் ஒரு பல் வைத்தியரின் கதிரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். சட்டைப் பையில் தொலைபேசி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. வெளியே வந்து திருப்பி எடுத்தேன். அவருடைய அண்ணன் யோகராஜ் பேசினார். "தங்கச்சி போயிருச்சு சேர். காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. அப்புடியே சாஞ்சிருச்சு." எனக்கு விறைப்பு ஊசி போட்ட வாய். ஒரு சொல் ஒழுங்காக வரவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்த அவர், "சேர், கேக்குதா? இருக்கீங்களா சேர்?" என்று கத்திக்கொண்டே இருந்தார். வாய்க்காரன் என்று பெயரெடுத்த எனக்கு அன்றைக்குப் பார்த்து இந்த நிலைமை.

மறுநாள் விடியவே ரயில் பிடித்தேன். றொசல்லயில் நின்றுவிட்டது. முன்னால் மண்மேடு சரிந்து தண்டவாளத்தில் விழுந்து கிடக்கிறது, எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது என்றார்கள். ஒரு மணித்தியாலம் பெட்டிக்குள் இருந்து எல்லாரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகு மழையில் இறங்கி மெயின் ரோட்டுக்கு ஏறி, கிடைத்த பஸ்ஸில் தொங்கி, இன்னொரு பஸ் மாறி லிந்துலையில் இறங்கினேன். தோட்டத்துப் பாதையில் ஏறும்போது எதிரே ஆட்கள் வந்தார்கள். கால்களில் சேறு. "அடக்கம் இப்பதான் சேர் முடிஞ்சிச்சு" என்றார்கள். அவர்களோடு நானும் திரும்பி நடந்தேன்.

பதினாறாம் நாள் தோட்டத்து வாசிகசாலையில், ஊர்க்காரர் நீங்கள் விஜிக்காகக் கூட்டம் வைத்தீர்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். என்னைப் பேசச் சொன்னீர்கள். கெட்டிக்காரி, பொறுமைசாலி, மலையகத்துக்கே பெருமை என்று கல்யாண வீட்டு வாழ்த்துப் பத்திரம் போல எதையோ பேசிவிட்டு இறங்கினேன். சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. விஜிக்கு நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதை நம்பித்தான் அவர் போனார். வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிட முடிகிறதா என்று பார்க்கிறேன்.

எங்கள் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்கிறேன். ஒரு கணினிக்குள்ளே இன்னொரு கணினியை ஓடவிடுகிற மென்பொருள் ஒன்று உண்டு. உள்ளே ஓடுவதற்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது. தனக்கென்று ஒரு வன்தட்டு இருப்பதாக நம்பிக்கொண்டு, "இதை எழுது, அதை எடுத்துத் தா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு தட்டு கிடையாது. வெளிக்கணினியில் இருக்கிற ஒரு பெரிய கோப்புத்தான் அது. உள்ளே இருப்பது கேட்பதை வாங்கி, கோப்பில் எங்கே வைப்பது என்று பார்த்து வைத்து, "ஆயிற்று" என்று பதில் சொல்கிற அந்த நடுப்பகுதியை மட்டும் எழுதித்தரும்படி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்களிடம் தந்திருந்தது. ஹற்றனில் ஒரு தையற்கடைக்கு மேலே இரண்டு அறை. ஐந்து பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, படிப்பித்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இதற்குத் தலைவனாக வந்தவன் நான்.

விஜி நேர்முகத் தேர்வுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. படியேறி வந்தவர் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. "என்ன, மூச்சு வாங்குதோ?" என்றேன். "இல்லைங்க சேர், யோசிச்சேன்" என்றார். அந்தப் பதிலை அதன் பிறகு எத்தனை நூறு தரம் கேட்டிருப்பேன்! எனக்கே உரிய குதர்க்கத்தோடு ஒரு கேள்வி போட்டேன். உள்ளே இருக்கும் கணினி தனக்கு மிகப் பெரிய தட்டு வேண்டும் என்று கேட்கிறது, வெளியே அவ்வளவு இடம் இல்லை, என்ன செய்வீர்? அவர் யோசிக்கவே இல்லை. "இருக்குன்னு சொல்லிருவோம் சேர். எழுத வர்றப்ப, எழுதுற அளவுக்கு மட்டும் எடம் குடுப்போம். லயத்துல புதுசா கல்யாணம் கட்டுனவங்களுக்குக் காம்பரா குடுக்குற மாதிரி. கேட்டாத்தான் குடுக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "லயத்துல கேட்டாலும் குடுக்கறதில்ல" என்றார். தோட்டத்து வரிசை வீடுகளில் ஓர் அறை கிடைக்கிற பாட்டை நானும் கேள்விப்பட்டிருந்தேன், சிரித்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தார்.

அவருடைய வேலைமுறை எங்கள் கட்டடம் முழுக்கப் பிரசித்தம். நாங்கள் எழுதிய பகுதி "ஆயிற்று" என்று சொன்னால் அது உண்மையா என்று சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். கணினி வரிசையாக இலக்கங்களை எழுதிக்கொண்டே போகும். "ஆயிற்று" என்று பதில் வந்த இலக்கமெல்லாம் பக்கத்தில் பற்றரியில் ஓடும் மடிக்கணினியில் விழும். திடீரென்று மின்சாரத்தை நிறுத்துவார். திரும்பப் போட்டு, மடிக்கணினியில் இருக்கிற கடைசி இலக்கம் தட்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பார். பிளக்கைப் பிடுங்கினால் போதும் அல்லவா? போதாதாம். "இங்க கரண்ட் போனா எல்லாத்துக்கும் ஒண்ணாத்தானே சேர் போகுது" என்று சொல்லிக் கட்டடத்தின் மெயின் சுவிட்சையே இழுத்துவிட்டார். கீழே தையற்கடை மொஹிதீன் நானா பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடிவந்தார். "தங்கச்சி, சொல்லாம கொள்ளாம இழுத்தா எப்புடி? ஊசி முறிஞ்சி போச்சி!" விஜி மன்னிப்புக் கேட்டார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிச் சொல்லிவிட்டு வந்து இழுத்தார். ஏறி இறங்கி அவர் மூச்சு வாங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் நானாவே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். எப்போது இழுப்பார் என்று யாருக்கும் சொல்லமாட்டார். "கரண்டு சொல்லிட்டா போகுது?" என்பார். சோதனை அதன் பிறகுதான் உண்மையில் நன்றாக நடந்தது.

ஒரு நாள் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் பகுதி மந்தமாக இருக்கிறது, எழுதச் சொன்னதும் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே "ஆயிற்று" என்று சொல்லிவிடுங்கள், தட்டில் பிறகு ஆறுதலாக எழுதலாம் என்றார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. விஜி மறுத்தார். சண்டை.

"கொம்பியூட்டரு ஆயிரம் தடவ எழுதச் சொல்லும் சேர். அதுக்கெல்லாம் வாங்கிக்கிட்டேன்னு சொன்னா போதும், கையிலயே வச்சிக்கலாம். நானும் அதுக்கு வேணாங்கல. ஆனா நடுவுல ஒரு தடவ, நெசமாவே டிஸ்க்குல போட்டாச்சான்னு கேக்கும். அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது. நாங்க சொல்ற பதில நம்பித்தான் அது அடுத்த வேலைக்குப் போகுது."

"உந்த விசர்க் கதையை விடும் விஜி. அவங்கள் கேக்கிறது வேகம். வேகம் இல்லையெண்டால் நாங்கள் அஞ்சு பேரும் நாளைக்கு வீட்டில."

"எனக்கு வீடு கிட்டத்தான் சேர். உங்களுக்குத்தான் தூரம்" என்றார். யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம் அது. அந்தப் பகிடியை என்னிடம் துணிந்து விடக்கூடியவர் விஜி ஒருவர்தான். பிறகு மூன்று வாரம் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார். பல கேள்விகளைச் சேர்த்து வைத்து, ஒரே முறையில் தட்டில் எழுதி, எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பதில் சொல்லும்படி மாற்றினார். பொய் இல்லாமலே வேகம் வந்தது. கம்பெனிக்காரர் பாராட்டி எழுதினார்கள். பாராட்டு என் பெயருக்குத்தான் வந்தது.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், ஹற்றன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, "உமக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டேன். அவர் தன் குடும்பக் கதையைச் சொன்னார். யோகராஜும் அவரும் லயத்தில் பிறந்தவர்கள். இரண்டு முறையும் அப்பா தோட்டத்துக் கந்தோருக்குப் போய்ப் பிறப்பைச் சொன்னார். அங்கிருந்த கிளாக்கர் அதை எழுதிப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும். "எழுதியாச்சு, போ" என்றார். அப்பா வந்துவிட்டார். விஜியின் பரீட்சைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோதுதான், இரண்டு பேருடைய பெயரும் பதிவாளர் கந்தோரில் இல்லை என்று தெரிந்தது. விஜிக்கு ஒரு தலைமை ஆசிரியர் அலைந்து திரிந்து எடுத்துக் கொடுத்தார். யோகராஜுக்கு அதற்குள் படிப்பு நின்றுவிட்டது. சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவரைச் சோதனைச் சாவடியில் இறக்கிக்கொண்டுபோனார்கள். பல மாதம் எங்கே என்றே தெரியாது.

"எங்கம்மாவுக்குக் கொழும்பும் தெரியாது, சிங்களமும் சரியா வராது சேர். பக்கத்து லயத்து அக்காவக் கூட்டிக்கிட்டு, போட்டோவக் கையில வச்சிக்கிட்டு ஒவ்வொரு பொலிஸா போய் நின்னாங்க. எங்கயும் இல்லன்னுட்டாங்க. அண்ணன் திரும்பி வந்துட்டாரு. ஆனா இன்னமும் நாலு பேரு கூடுற எடத்துல நிக்கமாட்டாரு."

"அந்தக் கிளாக்கரை என்ன செய்தால் தகும்!" என்று பஸ் நிலையம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். விஜி அமைதியாகச் சொன்னார்: "அவரு கெட்ட மனுசன் இல்ல சேர். நாளைக்கு அனுப்பலாம்னு வச்சிருப்பாரு. அப்புறம் பெரட்டுல ஆள் கணக்கு, கொழுந்து நெறுவ, தொரை கூப்புடுறாருன்னு போயிருப்பாரு. எங்கப்பா வந்து கேட்டப்ப, இன்னும் அனுப்பலன்னு சொல்லக் கூச்சமா இருந்திருக்கும்." இப்படியும் ஒருவரால் யோசிக்க முடியுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வேலை முடிகிற கட்டத்தில் இரண்டு புதிய வன்தட்டுகள் வந்தன. அதுவரை தவறாத சோதனை தவறியது. மடிக்கணினியில் இருந்த கடைசிச் சில இலக்கங்கள் தட்டில் இல்லை. விஜி தன் எழுத்தில்தான் பிழை என்று நினைத்து வரிவரியாகத் திரும்பப் படித்தார். நானும் படித்தேன். பிழை இல்லை. நானா இழுத்துக்கொண்டே இருந்தார், இலக்கங்கள் தொலைந்துகொண்டே இருந்தன. கடைசியில் விஜி கண்டுபிடித்தார். அந்தத் தட்டுக்குள்ளேயே ஒரு சிறிய நினைவகம் இருக்கிறது. எழுதச் சொன்னதை அதில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதிவிட்டேன்" என்று தட்டே சொல்கிறது. அதை நிறுத்து என்று கட்டளை கொடுத்தால், ஒரு தட்டு கேட்டு நடந்தது. மற்றது "நிறுத்திவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பழையபடியே செய்தது.

விஜி கதிரையில் சாய்ந்தார். பிறகு, "அடியில இருக்கவனே பொய் சொன்னா நாங்க என்னா சேர் செய்யறது?" என்றார். அழுகிற குரல். அவர் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் எவ்வளவு உண்மையாக எழுதினாலும் அதற்குக் கீழே நாங்கள் கைவைக்க முடியாத ஓர் இடம் இருந்தது. "நாங்கள் செய்யக்கூடியதைச் செய்வம் விஜி" என்றேன். யாரும் சொல்லக்கூடியதுதான்.

செய்யக்கூடியதாக ஒன்று இருந்தது. பாவிப்பவர்களுக்கான கையேட்டில் ஒரு பந்தி எழுதினார். சில வன்தட்டுகள் எழுதாமலே எழுதியதாகச் சொல்கின்றன, முக்கியமான எதையும் வைப்பதற்கு முன்னர் இப்படி இப்படிச் சோதித்துப் பாருங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தார். அனுப்பினோம். அச்சாகி வந்த கையேட்டில் அந்தப் பந்தி இல்லை. வாங்குகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று எடுத்துவிட்டார்கள். விஜி அன்றைக்கே உட்கார்ந்து கையால் இரண்டு தாள் எழுதினார். ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். சோதனையின் முடிவுகள், எந்தத் தட்டு எப்போது தவறியது, பந்தி ஏன் திரும்ப வரவேண்டும், எல்லாம் இருந்தன. "ஆஸ்பத்திரியில போடுவாங்க சேர், பள்ளிக்கூடத்துல போடுவாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இத மட்டும் அனுப்பிருங்க" என்றார். கம்பெனிக்கு எங்களில் நான் மட்டுமே எழுதலாம் என்பது ஒப்பந்தம். என் பெயரில்தான் போகவேண்டும்.

நான் அதை மின்னஞ்சலில் தட்டச்சு செய்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தவில்லை. அடுத்த வேலை தருவதா என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்த நேரம். இப்போது போய்க் குறை சொல்வதா, ஐந்து வீடுகளின் அடுப்பு இருக்கிறதே, அடுத்த கிழமை பார்ப்போம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை வேறு ஏதோ வந்தது. விஜி கேட்டார்: "அனுப்பிட்டீங்களா சேர்?"

"அனுப்பியாச்சு" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது என்கிறீர்கள்! நாக்கு ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அவர் அதை ஒருபோதும் சோதித்துப் பார்க்கவில்லை. தட்டையே நம்பாதவர் என்னை நம்பினார்.

அடுத்த வேலையை அந்தக் கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. நான் வாயை மூடியிருந்ததால் ஒருவருடைய வேலையும் மிஞ்சவில்லை. மேல்மாடியைப் பூட்டிச் சாவியை நானாவிடம் கொடுத்துவிட்டு நான் கொழும்புக்குப் போனேன். விஜியின் மூச்சு மோசமாகி, லிந்துலையில் வீட்டோடு இருந்தார். வால்வை மாற்றக் கொழும்பில் பெயர் பதிந்து, திகதிக்குக் காத்திருந்தார். மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம் பேசுவோம். ஒவ்வொரு முறையும் மழை எப்படி, அம்மா எப்படி என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, கூச்சத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்பார். "பதில் ஏதும் போட்டாங்களா சேர்?" நான், "இன்னும் இல்லை, பெரிய கம்பெனி எல்லே, ஆறுதலாத்தான் போடுவாங்கள்" என்பேன். "அப்ப சரி சேர், யோசிக்கிறாங்க போல" என்பார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று இருக்கும். வருத்தக்காரப் பிள்ளை, அறுவைச் சிகிச்சை முடியட்டும் என்று எனக்கு நானே ஒரு சாட்டுக் கண்டுபிடித்துக்கொண்டேன். திகதி வருவதற்கு முன்னர் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் நான் பேசி இறங்கியதும், விஜியின் அம்மா பிளேன்டீ கொண்டுவந்து கையில் தந்தார். கோப்பையைத் தந்த கை திரும்பிப் போகவில்லை. "ஐயா, புள்ள வெளிநாட்டுக்கு ஒரு காயிதம் எழுதுச்சாமே. சேர் போன் பண்ணாரா, பதில் வந்துச்சான்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. வந்துச்சுங்களா ஐயா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல? "வந்தது அம்மா" என்றேன். "விஜி சொன்னதுதான் சரியெண்டு எழுதியிருந்தாங்கள்."

அவர் என்னைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார். பிறகு திரும்பி, பாயில் இருந்த பெண்களிடம் சொன்னார்: "எம்புள்ள சொன்னதுதான் சரின்னு வெளிநாட்டுலருந்து எழுதியிருக்காங்களாம்." ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். வாசல் வரைக்கும் போனது. வெளியே தனியாக நின்ற யோகராஜுக்கும் யாரோ போய்ச் சொன்னார்கள். அவர் என்னைத் தேடி உள்ளே பார்த்தார். நான் தேநீரைக் குடித்தேன்.

கொழும்புக்குத் திரும்பிய அன்றே அந்த மின்னஞ்சலை அனுப்பினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. கம்பெனி கைமாறிவிட்டதாம், அந்த மென்பொருளை இப்போது யாரும் விற்பதில்லையாம். விற்ற காலத்தில் எந்த ஊரில் யார் பாவித்தார்கள், மின்சாரம் போன எந்த நாளில் யாருடைய எது தொலைந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தொலைத்தவர்களும் தங்கள் கைப்பிழை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

விஜியுடையது என்று என்னிடம் இருப்பது அந்த இரண்டு தாள்கள். பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நேர்த்தியான, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. கடைசி வரியில், உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று எழுதி, கையொப்பம் வைக்க எனக்கு இடம் விட்டிருக்கிறார்.

யோகராஜ், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். அம்மா, உங்கள் பிள்ளை சொன்னது முழுக்கச் சரி. அதை வெளிநாட்டில் ஒருவரும் எழுதவில்லை. பதில் வரவில்லை. நான் அனுப்பவில்லை.